ஊர் கேட்டவரும் உம்மா கேட்ட கேள்வியும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்த கையோடு இலங்கையின் கிழக்கே கல்முனையில், காசு கொடுத்துப் போன் எடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடையில், கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்: நானும், ஹொஸ்டலில் என் அறையில் இருந்த இறக்காமத்து நண்பனும். கடைக்காரக் காக்கா இன்டர்நெட்டைப் போட்டுத் தந்துவிட்டுச் சோறு தின்னப் போயிருந்தார். ஹொஸ்டலுக்குப் பொறுப்பான சேர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அங்கே இல்லாத இன்னுமொரு ஆளும் உண்டு. அது நண்பனைப் பெற்ற உம்மா. அவ ரியாதில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தா.

அவ போன கதையைச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருந்த நேரம், யானை வந்து மண்சுவரை உடைத்துப்போட்டு நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. கல்வீடு கட்டாமல் பிள்ளைகளை இனி இதற்குள் படுக்க வைக்க மாட்டேன் என்று உம்மா வெளிநாடு போனா. சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பி, மீதியைத் தன் கையிலேயே வைத்திருந்தா. அது சுவருக்கான காசு.

அவவிடமிருந்து கடிதம் வந்து கன நாளாகியிருந்தது. நண்பன் அதே யோசனையாகத் திரிந்தான். இன்டர்நெட்டில் சவூதியில் இருக்கிற ஆட்களோடு கதைக்கலாம் என்று யாரோ சொல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான், வாப்பா கைநாட்டு. அதனால் இங்கிலிஷ் எழுத்தில் தமிழை அடிக்க என் விரலுக்குத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

அரட்டை அறைக்குள் போனதும் ஒருவர் சலாம் சொன்னார். எங்களுக்கு அது போதுமாயிருந்தது. எதிரில் வந்து இருந்த மனிசனுக்குச் சொல்வதுபோல் பதில் சலாம் சொன்னோம். அடுத்ததாக எந்த ஊர் என்று கேட்டார். எங்கள் பகுதியில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் அதைத்தான் முதலில் கேட்பார். ஆருடைய மகன், எந்தப் பள்ளிவாசல் பக்கம் என்று போய், இறங்குவதற்கிடையில் ஒரு சொந்தமும் கண்டுபிடித்துவிடுவார். பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லாத பிள்ளை என்றாகிவிடும். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் சொன்னோம். ஊர், வாப்பாவின் பெயர், பள்ளிவாசல், ஹொஸ்டல், உம்மா ரியாதில் இருப்பது.

அவர் தனக்கு அட்டாளைச்சேனை என்றார். தானும் ரியாதில்தானாம். நம்பரைத் தந்தால் உம்மாவுக்குப் போன் எடுத்துச் சுகம் விசாரித்துச் சொல்வாராம். வெளிநாட்டுக்குப் போன் எடுக்கக் காசில்லாவிட்டாலும், உம்மா வேலை செய்த வீட்டு நம்பரை நண்பன் பாடமாக வைத்திருந்தான்; அதையும் அடித்தேன். நாங்கள் ஊரைச் சொன்ன பிறகுதான் அவர் பக்கத்து ஊரைச் சொன்னார் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. வெளியே வந்து நண்பன் எனக்குப் பிளேன்டியும் வடையும் வாங்கித் தந்தான்.

அடுத்த கிழமை, பின்னேரம், சேருடைய அறைக்கு அவனுக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் போன் என்றதும் அவன் முகம் செத்துவிட்டது. நானும் பின்னால் போனேன். உம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"மனே, உன்ட காலுக்கு என்ன?"

அவன் விளங்காமல் தன் காலைக் குனிந்து பார்த்தான். "காலுக்கு ஒண்டும் இல்ல உம்மா. இப்பதான் பந்தடிச்சிப்போட்டு வாறன்."

 அந்தப் பக்கம் உம்மா அழத் தொடங்கினா.

அழுது முடித்துத்தான் நடந்ததைச் சொன்னா. அட்டாளைச்சேனை என்று சொல்லி ஒருவர் போன் எடுத்திருக்கிறார். மகனை பஸ் அடித்துவிட்டது, காலை ஒப்பரேஷன் செய்ய வேண்டும், தான் இரவைக்கே கொழும்புக்குப் பறக்கிறார், வீடு எந்தத் தெரு என்று கேட்டு, கையிலுள்ள காசைக் கொண்டு தெருமுனைக்கு வாங்க என்றிருக்கிறார். வாப்பாவின் பெயர், பள்ளிவாசல், ஹொஸ்டல் எல்லாம் சரியாகச் சொன்னாராம். உம்மா காசை எடுத்துத் துணியில் முடிந்து, அபாயாவையும் போட்டுவிட்டா. போனை வைக்கிற நேரம், நம்ம ஆள் இவ்வளவு உதவி செய்கிறாரே என்று ஒன்று கேட்டிருக்கிறா.

"தம்பி, நீங்க என்ன குடி?"

எங்கள் பகுதியில் குடி என்றால் உம்மாவின் வழியில் வருகிற வம்சம். கலியாணம் பேசுவதென்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தன் குடி தெரியும். ஊரில் பெரியவர்கள் அதைக் கேட்டால், "இந்தக் காலத்திலயும் குடியா மச்சான்?" என்று நண்பன் என்னிடம் நக்கலடிப்பான். அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு நாங்கள் அடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்த ஆளுக்குப் பதில் வரவில்லை. பிள்ளை சாகக் கிடக்கிற நேரத்தில் என்ன கேள்வி என்று ஏசினாராம். ஏசுகிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தானே என்று உம்மாவுக்குப் பட்டிருக்கிறது. திரும்பவும் கேட்டா. போன் கட்டாகிவிட்டது. பிறகுதான் வீட்டுக்கார மேடத்திடம் அழுது கெஞ்சி, லைன் கிடைக்கும் வரைக்கும் ஹொஸ்டலுக்கு அடித்திருக்கிறா.

இதெல்லாம் எப்படி அந்த ஆளுக்குத் தெரியும் என்று சேர் கேட்டார். நாங்கள் சொன்னோம். அவர் ஏசவில்லை. "சலாத்துக்குப் பதில் சொன்னது சரி. மிச்சம் ஆர் கேட்டது?" என்றார். 

உம்மா ஒப்பந்தம் முடிந்து வந்து சுவரைக் கட்டினா. குசினிப் பக்கம் மட்டும் பூசாமல் கிடந்தது. அந்தப் போன் காசை மேடம் சம்பளத்தில் வெட்டிக்கொண்டாவாம், அதுதான் சீமெந்துக்குக் காசு போதவில்லை என்று அவ சிரித்துக்கொண்டே சொன்னா. இன்றைக்கும் முகம் தெரியாத ஒருவர் சலாம் சொன்னால் நான் பதில் சொல்கிறேன். ஊரைக் கேட்டால் மட்டும் அந்தப் பூசாத சுவர் கண்ணுக்குள் வந்து என் விரலைப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் சும்மா சொன்ன பதில்களுக்கு உம்மா கட்டின காசு, நூற்றிருபது ரியால்.