பில் பூஜ்யம்தான், ஆனால்...

மீன்பிடிக்கும் அப்பாவுக்குப் பெரிய கப்பலில் ஏறிப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. நான் வேலை பார்க்கும் சிங்கப்பூருக்கு அவரைத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரவழைத்து, மூன்று நாள் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனேன். கடைசியில் பெரிய பில் வந்து மானம் போகக் கூடாதென்று சாப்பாடு முதல் கப்பல் ஓட்டும் அறையைச் சுற்றிப் பார்ப்பதுவரை எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிட்டேன். கெத்தாக சர்ப்ரைஸ் கொடுக்கும் நினைப்பில் அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இறங்கும்போது பில்லில் பூஜ்யம். நான் காலரைத் தூக்கிவிட, அப்பா சிரித்தார்.

"பின்ன? நேத்து நீ நீச்சல்குளத்துல ஆட்டம் போட்டப்ப, கப்பல் ஓட்டுற ரூமப் பாக்க என்னைக் கூப்புட்டானுவ. வாசல்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. கையெழுத்துப் போட்டா பில்லுல ஏறும், ஒனக்குச் செலவுன்னு நான் திரும்பிட்டேன்ல!"

"ஐயோ, அதுக்குக் காசு கட்டியாச்சுப்பா!"

"உள்ள சுக்கான் எப்புடிடா இருக்கும்? நம்ம போட்டு மாதிரி கையாலதான் திருப்புவானுவளா?" என்றார் அப்பா. எனக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் எதற்கு முன்பணம் கட்டினாலும் முதல் போன் அப்பாவுக்குத்தான். மறுபடி கூட்டிப்போகக் காசு சேர்க்கிறேன். அதுவரை ஊர்க் கடலில் எந்தக் கப்பல் தெரிந்தாலும் அவர் கண் அந்த அறையைத்தான் தேடும்.