மாடி அறை ஆஸ்டியரான கதை

எனக்குத் தெரியாத இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தால், என் வாய் என்னைக் கேட்காமலேயே 'தேங்க்யூ' சொல்லிவிடும். பாராட்டினாலும் தேங்க்யூ, திட்டினாலும் தேங்க்யூ. ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர், என் ஸ்கூட்டர் தன் கால்மேல் ஏறி நிற்கிறது என்று இங்கிலீஷில் அலறினார். அவருக்கும் சொன்னேன். ஸ்கூட்டரை எடுத்தது அதற்கப்புறம்தான்.

இப்படிப்பட்டவன் செங்கம் ரோட்டுப் பக்கம் மாடியறையை வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடலாமா? விட்டேன். என் தொழில் பந்தல் கடை. கல்யாணத்துக்கு நாற்காலி, சீரியல் செட் விளக்கு, மேடை அலங்காரம் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பேன். வாடகை வேலை தெரிந்தவனுக்கு நாற்காலியும் ஒன்றுதான், அறையும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்.

அறை என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது பாதியில் நின்ற வேலை. பூசி வெள்ளை அடித்ததோடு மேஸ்திரி வேறு வேலைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. உள்ளே மெத்தை தலையணையோடு ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஸ்டூல், மேலே ஒரு ஃபேன், சுவரில் ஒரு ஆணி. ஜன்னலைத் திறந்தால் மலை. அவ்வளவுதான்.

புரட்டாசியில் அந்த அறைக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். எந்த நாடு என்று சொன்னார், குளிர் ஜாஸ்தி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சில நாள் இருந்து பார்க்கிறேன், பிடித்தால் கார்த்திகையில் மலை உச்சியில் ஏற்றும் தீபம் வரைக்கும் தங்குகிறேன் என்று சைகையில் புரியவைத்தார்.

எனக்கு முன்னால் என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது. மகள் கல்யாணமாகி பெங்களூர் போனதிலிருந்து வீட்டில் பேச ஆளில்லை என்பது அவள் குறை. நான் ஒருவன் இருக்கிறேனே என்றால், "அதான் சொல்றேன்" என்பாள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா அனுப்பிய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மொட்டைமாடியில் கொட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து உரிப்பார்கள். இவள் தமிழில் பேசுவாள், அவர் அவருடைய மொழியில் பேசுவார். நடுநடுவே இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். எதற்கு என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிடுவாள்.

"அவங்க தீபம் வரைக்கும் இருப்பாங்க இல்ல?" என்று தினமும் கேட்பாள்.

"நம்ம கையில இன்னா இருக்குது?"

"உங்க கையிலதான் இருக்குது. நீங்க ஏதாச்சும் பண்ணித் தொலைக்காம இருந்தாலே போதும்."

ஒருநாள் காலையில் மாடியில் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். அந்தம்மா அறையின் நடுவில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "சோ ஆஸ்டியர்!" என்றார்.

"தேங்க்யூ மேடம், தேங்க்யூ" என்றேன்.

படியில் பாதி இறங்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. என் தொழிலில் பெண்வீட்டார் மேடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"ரூம் நல்லாருக்குதுனு சொன்னாங்க."

"அதுக்கு ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

வெளியே வந்து கைபேசியிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பொருள் கேட்டேன். வரிசையாகக் கொடுத்தது. கடுமையான. கண்டிப்பான. ஆடம்பரமற்ற. சுகங்களைத் துறந்த. புத்தியுள்ளவன் நாலையும் படிப்பான். நான் 'கடுமையான' என்பதிலேயே நின்றுவிட்டேன். எது கடுமை? கட்டிலா? தலையணையா? குளியலறை வாடையா? திரும்ப மாடிக்குப் போய் கதவுக்கு வெளியே நின்று மோப்பம் பிடித்துப் பார்த்தேன். சாத்தின கதவை நான் முகர்ந்துகொண்டிருந்ததைப் பக்கத்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். அவருக்கும் ஒரு தேங்க்யூ.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் பள்ளிக்கூடத்து சிநேகிதன் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வைத்திருக்கிறான். அவனிடம் ஓடினேன்.

"ஆஸ்டியரா?" என்று நாற்காலியில் சாய்ந்தான். "டிவி நியூஸ்ல கேட்டதில்ல? வெளிநாட்டுல கவர்மெண்டு செலவைக் கம்மி பண்ணா ஆஸ்டிரிட்டினு சொல்லுவான். சிக்கன நடவடிக்கை. அதோட தம்பிடா இது."

"அதை ஏன்டா என் ரூமைப் பாத்து சொல்றாங்க?"

"இதுகூடத் தெரியலியா? கஞ்சன்னு நேரா சொன்னா மரியாதை இல்லனு நாசூக்கா சொல்லிருக்காங்க."

"டேய், நான் தேங்க்யூனு சொல்லிட்டேன்டா."

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு."

"சரியாப் போச்சு. கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டே."

கஞ்சன்! கல்யாண மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பூ சுற்ற மறந்தால், மாப்பிள்ளையின் மாமா சரியாக அந்தத் தூணுக்குக் கீழேதான் போய் நிற்பார். அந்தப் பயத்திலேயே முப்பது வருஷமாக எல்லாத் தூணுக்கும் பூ சுற்றுகிறவன் நான். வெற்றிடம் என்று ஒன்றைக் கண்டால் என் கை அதில் எதையாவது சொருகிவிடும். என் வீட்டு மாடியிலேயே நாலு தூண் அளவுக்குச் சுவர் மொட்டையாக நிற்பதை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் விட்டேன்?

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. சரக்கெல்லாம் குடோனில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியற்காலையில் அந்தம்மா மலை சுற்றக் கிளம்பினார். மனைவி அக்காவைப் பார்க்க கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். கேட்க ஆளில்லை. கடை ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மினி லாரியைச் சந்துக்குள் விடச் சொன்னேன்.

முதலில் மணமக்கள் உட்காரும் மெரூன் வெல்வெட் ராஜா நாற்காலி. ஒன்று போதுமே என்றார் ஒரு ஆள். அது ஜோடியாகத்தான் நன்றாக இருக்கும் என்று இரண்டையும் ஏற்றினேன். கூரை முழுக்க ரோஸ் கலரில் சுருக்குத் துணி. கட்டில் தலைமாட்டில் பிளாஸ்டிக் ரோஜா வளைவு. சுவரெங்கும் சீரியல் செட். ஜன்னல் பக்கம் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது, அங்கே மயில் படம் போட்ட பெரிய ஸ்கிரீனை நிறுத்தினேன். வாசலில், கும்பிட்டுக் கும்பிட்டுப் பன்னீர் தெளிக்கும் மோட்டார் பொம்மை. நிலைக்கு மேலே தெர்மாகோலில் 'நல்வரவு'.

"யாருக்குண்ணே விசேஷம்?" என்றார் ஒரு ஆள்.

"எனக்குத்தான். மானத்தைக் காப்பாத்திக்கற விசேஷம்."

மத்தியானம் அந்தம்மாவும் மனைவியும் சொல்லி வைத்தாற்போல ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். முதலில் அந்தம்மா படியேறினார். வெறுங்கால், நெற்றியில் விபூதி, முகத்தில் நல்ல அமைதி. பொம்மை கும்பிட்டு அந்த அமைதியின்மேல் பன்னீரைப் பீச்சியடித்தது.

பின்னாலேயே வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருக்குங்க ரிசப்ஷன்?" என்றாள். "பொண்ணு இவங்கனு வெச்சுக்கிட்டாலும், மாப்பிள்ளை யாரு?"

நான் அவளைக் கண்டுகொள்ளவில்லை. சுவிட்சைப் போட்டேன். சீரியல் செட் பச்சையும் சிவப்புமாக ஓட ஆரம்பித்தது. "மேடம்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி, "நவ் நோ ஆஸ்டியர்!"

அவர் உள்ளே போய் ராஜா நாற்காலி ஒன்றில் மெதுவாக உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை. மயிலைப் பார்த்தார். மயிலுக்குப் பின்னால் மலை இருந்த திசையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் என்று நானாக நினைத்துக்கொண்டு இன்னொரு பட்டன் அழுத்தினேன். விளக்கெல்லாம் சேர்ந்து சிமிட்டியது.

"என் ரூம் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கே புரிந்தது.

அப்புறம் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். இந்த ஊரில் அவர் ஏறி இறங்காத மாடி கிடையாதாம். எங்கே போனாலும் டிவி, சோபா, கண்ணாடி பீரோ, சுவர் நிறைய படம். ஒன்றும் இல்லாத அறையைத் தேடித்தேடி அலுத்துப்போய்க் கடைசியில் இங்கே வந்தாராம். ஆஸ்டியர் என்றால் குறையே கிடையாதாம். வேண்டாததெல்லாம் போய், வேண்டியது மட்டும் மிச்சமிருக்கும் அழகுக்குச் சொல்வதாம். அன்றைக்குக் கண்ணை மூடிச் சொன்னது பாராட்டு. நாடுவிட்டு நாடு வந்து ஒருத்தர் தேடினது மேஸ்திரி போட்டுவிட்டுப் போன பாதி வேலையைத்தான் என்றால் நான் எப்படி நம்புவது?

கடைசியில் ஒன்று சொன்னார். இந்த அறையில் தன்னால் இருக்க முடியாது, நாளைக்குக் காலையில் வேறு இடம் பார்க்கிறேன் என்றார். துண்டை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் போய்விட்டார்.

மனைவிக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவங்க போனாங்கன்னா நானும் எங்க அக்கா வூட்டுக்குப் போயிடுவேன். நீங்க அந்த ராஜா சேர்ல உக்காந்து உங்களுக்கு நீங்களே கைகுடுத்துக்குங்க."

"எடுத்துடறேன், எடுத்துடறேன்."

"சாயந்திரம் அவங்க வரும்போது ஒண்ணு இருக்கக்கூடாது."

அவள் இதைச் சொல்லியிருக்கக்கூடாது. பயத்தில் இருக்கிறவனிடம் 'ஒண்ணு இருக்கக்கூடாது' என்றால் அவன் எண்ண ஆரம்பித்துவிடுவான். நாற்காலி, வளைவு, துணி, மயில், பொம்மை எல்லாம் லாரிக்குப் போயின. அறை பழையபடி ஆனது. ஆனால் பழையபடி ஆனால் போதுமா? கோபத்தில் இருக்கிறவருக்கு முன்பைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக ஆஸ்டியர் காட்ட வேண்டாமா? ஸ்டூலை எடுத்தேன். ஆணியைப் பிடுங்கினேன். தலையணை சுகம்தானே, அதுவும் போகட்டும். மெத்தையை உருட்டினேன். மேலே நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன். மெயினை அணைத்துவிட்டு ஏணி போட்டு அதையும் கழற்றினேன். குளியலறைக் குழாயில் ஸ்பானரை வைத்தபோது மனைவி வந்து கையைப் பிடித்தாள்.

"தண்ணிய மட்டுமாவது வுடுங்க சாமி."

சாயந்திரம் அந்தம்மா வந்தார். நாங்கள் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாடியில் கதவு திறக்கும் சத்தம். நான் மனைவியைப் பார்த்து 'எப்படி?' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினேன். படியில் காலடிச் சத்தம். புரட்டாசிப் புழுக்கத்தில் முகமெல்லாம் வேர்த்து வழிய வந்து நின்றார்.

"சார், வேர் இஸ் த ஃபேன்?"

"மேடம், வெரி வெரி ஆஸ்டியர்."

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கி ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், மறுபடியும் சிரிப்பார். கடைசியில் மாடியைக் கைகாட்டி, "நோ ஆஸ்டியர். ஜெயில்!" என்றார். இந்த வார்த்தைக்கு நான் கைபேசியைக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வாழ்க்கையில் எனக்குப் புரிந்த முதல் இங்கிலீஷ் பாடம். கழற்றிப் போட்ட சாமான்களை அறை வாசலில் குவித்து வைத்து, ஏலம் விடுகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன்.

"தலையணை. ஆஸ்டியர்?"

"எஸ்."

"ஸ்டூல்?"

"எஸ்."

கூரைத்துணியில் ஒரு துண்டு லாரிக்குப் போகாமல் மிச்சமிருந்தது. நைசாக அதையும் நடுவில் தூக்கிக் காட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி.

"நோ!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆணிக்கு அவர் கொஞ்சம் யோசித்தார். துண்டு மாட்ட வேண்டும் என்று சைகை காட்டி, அதற்கும் எஸ் சொன்னார். ஃபேனைத் தூக்கினேன். அதற்கு மட்டும் வார்த்தையே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏணியில் ஏறி ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தபோது கீழே அந்தம்மா என் மனைவியின் தோளைத் தொட்டார். ஜன்னல் வழியாக மலை உச்சியைக் காட்டினார். ஐந்து விரல்களையும் குவித்து நெருப்புமாதிரி மேலே தூக்கினார். அப்புறம் அதே கையால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"அப்படின்னா?" என்றேன் ஏணியிலிருந்து.

"தீபம் வரைக்கும் இங்கதான்னு சொல்றாங்க. இதுகூட உங்களுக்குப் புரியலியா?" என்றாள் மனைவி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிப் பக்கம் நடந்தாள்.

நான் கடைசித் திருகையும் முடுக்கிவிட்டு, கீழே போய் மெயினைப் போடும்படி ஏணியிலிருந்தே மனைவியைக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். மொட்டைமாடியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். எதற்கு என்று இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. புழுக்கத்தில் ஒரு கையால் ஃபேன் இறக்கையைச் சுற்றிவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றேன்.