ஆற்றில் நின்றுபோனவை

பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே ஊர் வந்து சேர்ந்த யுத்த காலத்தில், நான் பரவைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பயிற்சி முடித்த புதிது. ஒரு வீட்டுக்குள் நுழையும்போதே பார்க்க வேண்டியதை வரிசையாக மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்: காய்ச்சல், உதிரப்போக்கு, வயிறு, பால், குழந்தையின் தொப்புள்.

அந்த வீட்டில் பாலைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளை பெற்றவள் ஷான் மலைக்காரி. பர்மா ரயில்வேயில் வேலை பார்த்த இந்த வீட்டு மகன் அங்கேயே கட்டிக் கூட்டி வந்தவள். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆட்டுப்பால் குழந்தையின் வயிற்றில் தங்கவில்லை. நான் போகும் ஒவ்வொரு முறையும் அதன் அழுகை மெலிந்துகொண்டே வந்தது.

காரணத்தைக் கணவன்தான் சொன்னான். "அவுக ஊர்ல, மனுச உடம்புக்கு முப்பத்திரண்டு உசிரும்பாக, நர்சம்மா. குவன்னு பேரு. பயந்தா ஒன்னு ரெண்டு கழண்டு போயிருமாம். வர்ற வழியில ஒரு ஆத்துல இவளைத் தண்ணி இழுத்திருச்சு. இவளைப் பிடிச்சுட்டேன். குவன் அங்கனயே நின்னுபோச்சுங்கிறா. வீட்டுப் பெரியவுக பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில வெள்ளை நூல் கட்டணுமாம். அப்பத்தான் சோறு இறங்குமாம்."

மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "முப்பத்திரண்டா? எனக்கிருக்கிற ஒத்த உசிரையே இந்த வீட்டுல வச்சுக் காப்பாத்த முடியலை. இது ஆத்துல புடிச்ச பேயி. வெள்ளிக்கிழமை கோடாங்கி வாரான். உடுக்கைச் சத்தத்துல ஓடிரும்."

எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் உள்ளே வந்ததை விரட்டுவது நம் வழக்கம், வெளியே போனதைக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம் என்பது மட்டும் புரிந்தது. விரட்டினால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஊசி போடுங்க நர்சம்மா. பேய் சமாச்சாரம் எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது கோடாங்கி உட்கார்ந்துவிட்டான். உடுக்கையின் முதல் சத்தத்திலேயே அவள் குழந்தைமேல் கவிழ்ந்து, அதன் காதுகளை உள்ளங்கைகளால் பொத்தினாள். குழந்தை சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியது.

மாமியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நிறுத்துப்பா."

"ஆத்தா, இறங்குற நேரம்…"

"நிறுத்துங்கிறேன்ல. பச்சப்புள்ளைய்யா அது."

அவன் முனகியபடி உடுக்கையைத் துணியில் சுற்றினான். தொப்புள்கொடி கட்டுவதற்காக வேகவைத்த நூல் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மாமியார் முதலில் பேரப்பிள்ளைக்குக் கட்டினாள். பிறகு முகத்தைப் பார்க்காமலேயே மருமகளின் மணிக்கட்டிலும் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"கட்டியாச்சு. குடி."

அவள் குடிக்கவில்லை. "கூப்பிடுங்க" என்றாள்.

அந்த வீட்டில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாமியாருக்கு அவள் 'அவ', இல்லையென்றால் 'மலைக்காரி'. இப்போது மாமியார் மகனிடம் தாழ்ந்த குரலில் அந்தப் பேரைக் கேட்டாள். பிறகு வாசலுக்குப் போய், விளையாடப் போன பிள்ளையைச் சோற்றுக்கு அழைப்பது மாதிரி, வாயில் நுழையாத அந்தப் பேரைச் சொல்லி, "வாத்தா, வீட்டுக்கு வா, ஆத்துல நிக்காத" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே அவள் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

பால் மெல்ல ஊறியது. குழந்தை தேறியது. கடைசியாக அந்த வீட்டுக்குப் போனபோது நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. கழற்றிவிடலாமே என்றேன். மறு கையால் மூடிக்கொண்டாள். எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்த முகத்தைக் குழந்தை பக்கம் திருப்பிக்கொண்டு யோசித்தாள்.

"சாப்பிடுறது வந்துச்சு" என்றாள். "தூங்குறது இன்னும் ஆத்துல."