பேசாத அண்ணனோடு மலை சுற்றியது

நான் ஏறிய மலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், இப்போது அங்கே கார் போகிற ரோடு இருக்கிறது, பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய்விடலாம் என்று யாராவது எனக்குப் பாடம் எடுப்பார்கள். எனக்கு ஆத்திரம் வரும். அறுபதுகளில், என் இருபத்துமூன்றாவது வயதில், அந்த மலையில் கிழக்கே ஏறி மேற்கே இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர ஒரு முழுப் பகல் வேண்டும். பாதி தூரம் செங்குத்து. மீதி தூரம் வழுக்குப் பாறை.

அப்போது நானும் அண்ணனும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெருமாநல்லூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு ஜோடிக் காளையும் இருந்தன. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன்தான். மழை இல்லாத ஒரு வருஷம், நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, காளைகளை விற்றுவிட்டு பனியன் துணி பின்னும் மெஷின் இரண்டு வாங்கிவிட்டார். நான் திரும்பி வந்தால் கட்டுத்தறி காலி.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கண்ணா" என்றேன்.

"உன்னைய என்னத்தக் கேக்கறது" என்றார்.

அவ்வளவுதான் சண்டை. அந்தக் காளைகளில் ஒன்று நான் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும். அதை அவர் மறந்திருக்க மாட்டார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

பிறகு பக்கத்து டவுனுக்கு, ராயபுரத்தில் வாடகைக்கு வந்தோம். முன்கட்டில் மெஷின், பின்கட்டில் குடித்தனம். அண்ணன் மெஷின் ஓட்டுவார், நான் கட்டிங். ஒரே கூரை, ஒரே சோறு, ஆனால் பேச்சு மட்டும் அண்ணி வழியாக.

"சோறு ஆறிப் போகுதுன்னு அவங்கிட்டச் சொல்லு" என்பார் அண்ணன், நான் இரண்டு முழம் தள்ளி நிற்கும்போதே.

"பசிக்கலீன்னு சொல்லீருங்க" என்பேன் நான்.

அண்ணி முதலில் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அலுத்துப்போய்ப் பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை மட்டும் திருப்புவார். முன்கட்டுக் கம்பெனியில் இந்த வேலை எங்கள் டெய்லர் பாய் தலையில் விழுந்தது. "நீங்க ரெண்டு பேரும் சண்டை, தொண்டை வறள்றது எனக்கா?" என்று அவர் ஒருநாள் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். போனால் அங்கேயே தங்கிவிடுவது, இனி இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவர் அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"போறதுன்னா போங்க தம்பி. அதுக்கு முன்னாடி என்ற வேண்டுதலத் தீத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

முந்தின வருஷம் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை முற்றிப் படுத்த படுக்கையாக இருந்தபோது வேண்டிக்கொண்டாராம், அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து மலையைச் சுற்றி வருவார்கள் என்று. ஏறின வழியில் இறங்கக் கூடாது என்பது அந்த வேண்டுதலின் வழக்கம். மறுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போய் இறங்கினோம்.

முதல் இளைப்பாறும் மண்டபத்திலேயே அண்ணி உட்கார்ந்துவிட்டார். "முட்டி வலிக்குதுங்க. நான் கீழ பிள்ளையார் கோயில்ல இருக்கறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். காலையில் குழாயடியிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நடந்து வந்த முட்டி அது. எனக்குப் புரிந்தது, அண்ணனுக்கும் புரிந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள எங்களுக்குத்தான் ஆள் இல்லையே.

ஏறினோம். எனக்கு அந்த மலை புதிது. அண்ணன் சின்ன வயசில் அப்பாவோடு ஏறியிருக்கிறார். படி முடிந்ததும் கல்லும் முள்ளும்தான் பாதை. ஊன்றிய கை சுட்டது, தொடை நடுங்கியது, காது அடைத்துக்கொண்டது. ஓரிடத்தில் அண்ணன் நின்று, பக்கத்தில் இருந்த பாறையைப் பார்த்து, "தண்ணி குடிக்கறவங்க குடிக்கலாம்" என்றார். நான் வானத்தைப் பார்த்து, "தாகமெடுத்தா குடிச்சுக்குவாங்க" என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா என்று இப்போது கேட்டால் நான் என்ன சொல்ல!

உச்சியில் ஒரு வேல் நட்டிருந்தது. கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம். அண்ணன் பொட்டலத்திலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுவந்தார். சின்னதிலிருந்து எனக்கு அவர்தான் பூசிவிடுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மேற்கே இறங்க ஆரம்பித்தார்.

மேற்குச் சரிவில் பாறை பாறையாகப் போகிறது. வழி என்று எதுவும் பதிந்திருக்காது. எங்கு பார்த்தாலும் நாலு பக்கம் போகலாம் போலத் தெரியும். அண்ணன் வேகமாக முன்னால் போய் மறைந்துவிட்டார். நான் திகைத்து நின்றபோது, ஒரு செடியில் வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. பனியன் துணித் துண்டு. கைக்குழி வெட்டும்போது பிறை மாதிரி விழுமே, அந்தத் துண்டு. கை துடைக்க அண்ணன் பையில் எப்போதும் ஒரு கத்தை வைத்திருப்பார். வெட்டின வளைவைப் பார்த்ததுமே தெரிந்தது, என் கத்திரி வெட்டியதுதான். வழி பிரிகிற இடமெல்லாம் ஒன்று கட்டிக்கொண்டே போயிருந்தார்.

எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. என்னைக் கேட்காமல் காளையை விற்பார், வழி தெரியாத குழந்தை என்று துணி கட்டி வைப்பார், நான் என்ன தொட்டில் பிள்ளையா என்று சுரீரென்று ஏறியது. ஒவ்வொரு துண்டாக அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டே இறங்கினேன். அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் வழியும் கண்டுபிடித்தேன் என்பது வேறு விஷயம்.

பாதி இறக்கத்தில் ஒரு சுனை. அங்கே அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது மேலிருந்தே தெரிந்தது. அவரைக் கடந்து போக எனக்கு மனசில்லை. இடது பக்கம் ஓர் ஆட்டுத்தடம் இறங்கியது. அதில் நழுவிக் குறுக்கே விழுந்து அடிவாரத்துப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

"உங்கண்ணன் எங்கீங்க தம்பி?" என்றார் அண்ணி.

"சுனையில உக்காந்திருக்காருங்க. வந்துருவாரு."

வரவில்லை. வெயில் சாய்ந்தது. அண்ணி கேட்பதை நிறுத்திவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் இறங்கி வந்தார். அவரிடம் விசாரித்தோம்.

"ஒருத்தரு சுனையிலிருந்து திருப்பி மேல ஏறிப் போறாருங்க. தம்பி பின்னால வந்தான், காணோமுன்னாரு. செடியில துணி கட்டியிருந்தேன், அதையும் காணோம், தடம் தெரியலீன்னு நின்னாருங்க" என்றார் அவர்.

அண்ணி என் சட்டைப் பையைப் பார்த்தார். பை புடைத்துக்கொண்டு, ஒரு துண்டு வெளியே தொங்கியது. திட்டியிருந்தால் தேவலை.

"இங்கிருந்து நான் கூப்பிட்டாக் கேக்காதுங்க தம்பி. நீங்கதான் போயிக் கூப்பிடோணும்" என்றார்.

வந்த தடத்திலேயே திரும்ப ஏறினேன். எனக்கு உயிரே இல்லை. சுனையில் அண்ணனின் பை இருந்தது. பக்கத்தில் இரண்டு இலைப் பொட்டலம், அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. இரண்டுமே பிரிக்காமல் இருந்தன. எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தார் மனுஷன், பசியோடு. காளையாவது ஒன்றாவது, எனக்கு அண்ணன் இருந்தால் போதும் என்று அந்த இடத்தில் நின்று அழுதேன்.

பாறை மேல் ஏறிக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இரண்டு வருஷமாகச் சொல்லாத சொல். இரண்டாம் தடவை வந்தது. "அண்ணா" என்றேன். மலை அதைத் திருப்பிச் சொன்னது, வேறு பதில் இல்லை. ஒவ்வொரு பாறையாகத் தாவிக் கத்திக்கொண்டே போனேன். கத்தக் கத்தக் குரல் கம்மியது.

கடைசியில் வலது பக்கம், ஒரு பெரிய பாறைக்குக் கீழேயிருந்து பதில் வந்தது.

"கத்தித் தொண்டையக் கெடுத்துக்க வேண்டாமுன்னு அவங்கிட்டச் சொல்லு. இங்கதான் உக்காந்திருக்கறேன்னு சொல்லு."

அங்கே ஒரு காக்காய்கூட இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உட்கார்ந்து, சறுக்கி, விழுந்து இறங்கினேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் காய, பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், சட்டைப் பையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அவுத்துட்டயா கண்ணு?" என்றார்.

குரலில் கோபமே இல்லை. நான் என் கத்திரி வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து அவர் விரலில் கட்டினேன். பனியன் துணி நன்றாக இழுத்துக் கட்ட வரும். அவர் மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். இந்தத் தடவை நான் குனிந்து கொடுத்தேன்.

குறுக்கு வழியில் போனால் அண்ணியின் வேண்டுதல் கெட்டுப்போகும் என்று மேற்கேதான் இறங்கினோம். சுனையில் உட்கார்ந்து சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அடிவாரத்தைச் சுற்றி நடந்தோம். அவர் என் தோளில் கை போட்டு நொண்டிக்கொண்டு வந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் கோயில் வேப்பமரத்தடியில் அண்ணி எழுந்து நிற்பது தெரிந்தது.

"நாளைக்கு எந்த பஸ்ஸுக்குப் போற?" என்றார் அண்ணன்.

தெரிந்து வைத்துக்கொண்டுதான் மலைக்கு வந்திருக்கிறார்.

"போகலீங்கண்ணா" என்றேன்.

தோளில் இருந்த அவர் கையின் பாரம் கொஞ்சம் கூடியது. கால் வலி தாங்கலை, அதனால்தான் என்றார் பிறகு. அதை நேரே என்னிடமே சொன்னார்.