கணக்குப் பரீட்சைக்கு வந்த யானைகள்

எங்கள் வீட்டிலிருந்து ஜீப் நிற்கும் இடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு படிகள். சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையாவது எண்ணாமல் விட்டால் நெஞ்சு படபடக்கும். மாத்திரை, மின்வெட்டு, யானை எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் நான் யானை என்று போட்டால் பள்ளிக்கூட ஜீப் கிளம்பாது. என் எண்ணிக்கைக்கு அவ்வளவு மதிப்பு.

ஒருநாள் நோட்டையும் குழுவையும் ஒப்பிட்டேன். நோட்டில் இல்லாத இரண்டு யானைக் கூட்டங்கள் குழுவில் என் பெயரிலேயே இருந்தன. இரண்டு நாளும் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை.

ஏழாம் வகுப்பில் இருப்பவள் என் பேத்தி. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்வதால் அவள் என்னோடு இருக்கிறாள். கணக்கு மண்டையில் ஏறாது என்று தினமும் ஒருமுறையாவது சொல்வாள். கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"ஒத்த யானைன்னா பட்டாசு வெடிச்சுத் தொரத்தீருவாங்க அப்பிச்சி. பத்துன்னா ஆரும் நம்பமாட்டாங்க. அதான் எங்க கிளாஸ்ல மூணு பேரும் சேந்து மொதல்ல மூணு யானை போட்டோம், அடுத்ததுக்கு நாலு."

"எட்டேகாலுக்கு எதுக்கு அனுப்புன அம்மிணி?"

"ஏழரைக்கு அனுப்புனா, ஒம்பதுக்குள்ள யானை தாண்டிரும்னு ஜீப்பை எடுத்துருவாங்க. மேயற வேகம், வளைவுக்கு வளைவு தூரம், எல்லாம் போட்டுப் பாத்தோமுங்க."

இது கணக்கு ஏறாத மண்டை. சிரிப்பை அடக்க ஆறு மடக்குத் தண்ணீர் குடித்தேன். ஆனால் அன்று மாலையே மகள் போன் செய்தாள். "ரெண்டு பரீட்சையுமே எழுதலைனு டீச்சர் சொன்னாங்க. மூணாவதும் போச்சுன்னா அவளை இங்க கூட்டிட்டு வந்துருவேனுங்கப்பா."

அதைக் கேட்ட பேத்தி அன்று ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள். நான் ஒன்றோடு. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எண்ணுவதற்கு என் மாத்திரைகள்தான் மிஞ்சும். போனின் பூட்டு எண்ணை மாற்றினேன். அவள் ஒன்பது நாள் உட்கார்ந்து படித்தாள்.

பரீட்சையன்று நானும் துணைக்கு ஜீப்பில் ஏறினேன். பஸ்ஸைத் தவறவிட்ட கணக்கு டீச்சரும் அன்று அதே வண்டியில்தான். மூன்றாம் வளைவில் ஜீப் நின்றது. சாலை நடுவே யானைகள்.

"ஏனுங்க டீச்சர், இன்னைக்கு நெசமாவே வந்துருச்சுங்க" என்றார் ஜீப்காரர்.

டீச்சர் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். "உன் கணக்குப்படி எத்தனை நேரம் நிக்கும்?"

"தெரிஞ்சிருச்சுங்களா மிஸ்?"

"அந்தக் குழுவுல நானும் இருக்கேன். பரீட்சை தேதி பாத்து வர்ற யானையை வேற எங்கயும் பாத்ததில்ல."

மூன்றாவது பரீட்சையும் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் கடமை தவறாமல் குழுவில் போட்டேன்: மூன்றாம் வளைவில் எட்டு யானைகள், ஒன்று குட்டி. உடனே யாரோ பதில் எழுதினார்: இன்னைக்கு என்ன பரீட்சைங்க அய்யா?

போனை எல்லோருக்கும் காட்டினேன். அறுபதடி தூரத்தில் யானைகள் நிற்கின்றன, சத்தம் போடக் கூடாது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். டீச்சர் முந்தானையைக் கடித்துக்கொண்டார். ஜீப்காரர் ஸ்டியரிங்கில் சாயப் போனவர், ஹாரன் ஞாபகம் வந்து நிமிர்ந்தார். மொத்த வண்டியும் ஊஞ்சல்போல் ஆடியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பையைத் திறந்தார். கேள்வித்தாள் அதில்தான் இருந்தது. "ஏழாம் வகுப்பு மூணு பேரும் இங்கயே எழுதுங்க."

மடியில் வைத்து எழுதினார்கள். எனக்கு ஒரு கண் யானை மேல், மறு கண் பேனா மேல். பேனா நான்கு முறை நின்றது. நான்கு முறையும் என் மூச்சும் நின்றது. குட்டி கடைசியாகச் சாலையைத் தாண்டியபோது அவள் தாளை நீட்டினாள். டீச்சர் அங்கேயே திருத்தினார். இருபத்தைந்துக்குப் பதினாறு.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு மார்க்கைச் சொன்னேன். பேத்தி பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்கப்பா. அங்கயே இருக்கட்டும்."

பேத்தி முன்னறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். பதினோரு சுற்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவதில் நானும் எழுந்து ஓடினேன்.