எட்டாவது படத்தின் மாலை

“ஆகஸ்ட் 9, சனி. எட்டாவது படம். காலமானவர். ஆதாரம் ஒன்று: புகைப்படம். ஆதாரம் இரண்டு: சங்கப் பட்டியல். சரிபார்த்தாயிற்று.”

என் குறிப்பேட்டில் இருக்கும் பதிவு இது. கையெழுத்து என்னுடையது. பேனா அழுத்தி எழுதியிருக்கிறது, எழுதியவருக்குச் சந்தேகம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பதிவில் உள்ள ஆறு விஷயங்களில் தேதியும் படத்தின் எண்ணும் மட்டுமே சரி.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். ஊர்களின் பழைய விஷயங்களைத் தேடித் தேதிவாரியாக எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. துறையூர் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய ஊரின் நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று நடக்கிறது. பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்கும் நூலகச் சுற்றுச்சுவரில், அந்த ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களின் முகங்களை வரைய வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பெயர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு எல்லாவற்றையும் தொகுத்துத் தரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பதினேழு பேர் தேறினார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு ஆதாரம் இல்லாமல் எதையும் சுவரில் ஏற்றக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓவியர் சினிமா பேனர் காலத்து ஆள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கோயில் சுவர்களும் பள்ளிக்கூடச் சுவர்களும் வரைகிறார். அவருக்குப் படைப்பிரிவைப் பற்றியோ ஆண்டைப் பற்றியோ கவலையில்லை.

“சார், அதெல்லாம் நீங்க எப்படி எழுதித் தர்றீங்களோ அப்படியே எழுதிடறேன். யாருக்கு மாலை, யாருக்கு மாலை இல்லை, அதை மட்டும் தெளிவாச் சொல்லிடுங்க” என்றார்.

காலமானவர்களுக்குச் சந்தன மாலை, இருப்பவர்களுக்கு வெறும் சீருடை. நம் பக்கம் படத்தில் மாலை இருந்தால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே சாக்பீஸால் ‘மா’ என்று எழுதிக்கொண்டே போனேன். அவர் பின்னால் வந்து வரைந்தார்.

எட்டாவது ஆள் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். வங்கதேசப் போரின்போது கிழக்கு எல்லையில் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டார் என்றார்கள். ஊரில் உள்ள பழைய வீடு அவருடைய தம்பி மகனின் பொறுப்பில் இருந்தது. அந்தத் தம்பி மகனுக்கு ஓசூரில் வேலை. மாதம் ஒரு முறை வந்து வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டுப் போகிறவர். அவர்தான் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சுவரில் மாட்டிய சட்டத்தை அப்படியே எடுத்திருந்தார். சீருடையில் ஓர் இளைஞன், நெஞ்சில் பதக்கங்கள், படத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் மல்லிகை மாலை.

அப்போது நான் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? “உங்க பெரியப்பா இருக்காரா?” என்று ஒரு வீட்டில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தால் அபசகுனம், இல்லாவிட்டால் புண். மற்ற பதினாறு பேர் விஷயத்திலும் இதைச் சுற்றி வளைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வருவீர்களா, திதி எப்போது, ஐயா இப்போது யாரோடு இருக்கிறார் என்பது போல. எட்டாவது படத்துக்கு அந்தச் சுற்றுவழியும் எடுக்கவில்லை. மாலையே பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். இரண்டாவது ஆதாரத்துக்கு ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தின் பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஏற்கெனவே காலமானவர்கள் என்று எனக்குத் தெரிந்த நாலு பேர் மேலும் அதே கோடு இருந்தது. குறிப்பேட்டைத் திறந்து, மேலே காட்டிய பதிவை எழுதினேன். ஆறு நாளில் திறப்பு விழா.

சுதந்திர தினத்தன்று விழா நன்றாக நடந்தது. அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. நூலகத்தில் என் முகவரியை வாங்கியிருக்கிறார்.

“சுவத்துல படம் போட எழுதிக் குடுத்தது நீங்கதானா?”

“ஆமாங்க. உள்ள வாங்க.”

“உள்ள வரலை. எங்க வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

எனக்கு உடனே புரியவில்லை. அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். எட்டாவது படம்.

“யாரும் சொல்லலைங்க” என்றேன்.

“அப்ப நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? தாலி கழுத்துல கெடக்கு, சுவத்துல அவருக்கு மாலை கெடக்கு. எதை நம்புறது?”

நாற்காலியை வாசலிலேயே போட்டேன். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டு, கோபம் குறையாமலே சொன்னார்.

“நேத்துக் காலையிலேருந்து நாலு போன். துறையூர்லேருந்து எங்க சித்தப்பா மக எடுத்ததும் ஓன்னு அழுவுறா. அவரு உள்ள உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நான் கொல்லைப் பக்கம் போயி, ‘இருக்காருடி, சட்னி கேக்குறாரு, போனை வையி’ன்னு சொல்றேன். இன்னொருத்தர் எந்தக் கோயில்ல அடக்கம்னு கேக்குறாரு.”

சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருமே சிரிக்கவில்லை.

தம்பி மகன் அனுப்பிய புகைப்படத்தை என் கைப்பேசியில் காட்டி, அதிலிருந்த மல்லிகை மாலையைப் பற்றிக் கேட்டேன். படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இது திருஇருதய ஆண்டவருக்குப் போட்டது. வேளாங்கண்ணியில வாங்கினேன், நீளமா இருந்துச்சு. மேல ஆண்டவர் படம், கீழ இவர் படம். மாலை தொங்கி இவர் மேலயும் வந்து விழுந்திருக்கு. அந்தப் பையன் மேல பாதியை விட்டுட்டு எடுத்திருக்கான்” என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். நாங்க எடமலைப்பட்டி புதூர்லதானே இருக்கோம்” என்றார்.

என் கண் மருத்துவரும் திருச்சியில் அதே எடமலைப்பட்டி புதூரில்தான் இருக்கிறார். அந்த ஜூலையில் மட்டும் மூன்று முறை போயிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் வந்தது என்னைத் திட்டுவதற்காக அல்ல. ஊர்ச் சுவரில் தன் படம் வந்திருக்கிறது என்று தம்பி மகன் மூலம் கணவருக்குத் தெரிந்துவிட்டது. மாலை விஷயம் மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்கப் போகிறோம் என்று மருமகனிடம் வண்டி சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாகச் சட்டையை எடுத்து வைப்பதும் மடிப்பதுமாக இருக்கிறாராம்.

“அவருக்குப் படம்னா உசுரு. பட்டாளத்துல எடுத்த அந்த ஒரு படம்தான் மிச்சம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த மாலை போயிடணும். அவரு அதைப் பாக்கக் கூடாது. மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். உறையூர்ல எங்க அக்காவைப் பாத்துட்டுச் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போவேன். நீங்க என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க.”

ஓவியர் மருங்காபுரிப் பக்கம் ஒரு கோயில் வேலையில் இருந்தார், மாவட்டத்தின் அந்தக் கோடி. வெள்ளிக்கிழமை நேரில் போனேன். சாரத்தின் மேலிருந்தே கேட்டுக்கொண்டார்.

“மாலையை எடுக்கறது லேசு சார். ஆனா மாலைக்குக் கீழ நான் ஒண்ணுமே போடலையே. சட்டையும் கிடையாது, பதக்கமும் கிடையாது. வெறும் சுண்ணாம்பு.”

“புதுசாப் போடுங்க.”

“அந்தப் பச்சை தீந்துபோச்சு. கலந்துதான் பாக்கணும், அதே நிறம் வராது.” கீழே இறங்கி வந்து பீடி பற்றவைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடுங்க சார். இதுவரைக்கும் போனவங்களுக்கு மாலை போட்டிருக்கேன். மாலையைக் கழட்டி ஆளைக் கொண்டு வர்றது இதுதான் முதல் தடவை” என்றார்.

சனிக்கிழமை காலை முதல் பிற்பகல் மூன்று மணி வரை வரைந்தார். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மழை இல்லை, வெயில் நேரே அந்தக் கட்டத்தில் விழுந்தது. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பதக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தால் சரியாகவே இருந்தது. சாலையைக் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். தோளிலிருந்து தோளுக்கு, மாலை இருந்த அதே வளைவில், பச்சை ஒரு சாயல் கூடுதலாக இருந்தது. ஓவியரும் பார்த்தார். பிரஷ்களைக் கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு வண்டி வந்தது. அவர் மெலிந்த, உயரமான மனிதர். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கைத்தடி. மனைவியும் மருமகனும் உடன் வந்தார்கள். தன் படத்துக்கு நேராகப் போவார் என்று நினைத்தேன். அவர் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும் நின்றார்.

“இவன் ரயில்ல எங்கூட வந்து ஜான்சியில இறங்கி டீ குடிக்கப் போனவன், ரயிலை விட்டுட்டான். மூணு நாள் கழிச்சு வந்து சேர்ந்தான்” என்றார். இன்னொரு படத்தின் முன் நின்று, “மீசை இவ்வளவு பெருசு கிடையாது. ஆசையில போட்டிருக்கீங்க” என்றார். மருமகன் சிரித்தார். நான் குறித்துக்கொண்டேன்.

எட்டாவது படத்தின் முன் அதிக நேரம் நின்றார். மனைவி சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காது நல்லா வந்திருக்கு” என்றார் அவர். பிறகு கைத்தடியை உயர்த்தி, சுவரைத் தொடாமல், அந்த வளைவின் மேலாக மெல்ல நகர்த்தினார். “நெஞ்சு மட்டும் ஏன் புதுசா இருக்கு?”

“மழையில சாயம் கொஞ்சம் இறங்கிடுச்சுங்க ஐயா. அந்த இடத்தை மட்டும் திரும்ப அடிச்சோம்.”

முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய பிறந்த தேதியை ஒரு நாள்கூடப் பிசகாமல் எழுதியவன் நான். அந்த வாரம் மழையே பெய்யவில்லை.

“அப்படியா” என்றார். கடைசிப் படம் வரை போய்த் திரும்பி வந்தார். “மாலை இல்லாதவங்க என்னையும் சேத்து ஆறு பேர்” என்றார். “வேற எதுவும் தப்பு இல்லை.”

வண்டியில் ஏறும்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிந்தது.

சங்கச் செயலாளரிடம் பின்னர் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்டேன். “ஊரை விட்டுப் போனவங்களையும் அடிச்சிடுவோம் சார். உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

செப்டம்பர் கடைசியில் நூலகத்துக்குப் போனபோது எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யார் யாரோ வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள் என்றார்.

“ஒரு பெரியவர் தனியா பஸ்ஸுல வந்து இறங்கினாரு சார். நடுவுல ஒரு படத்துக்கிட்ட ரொம்ப நேரம் நின்னாரு. டீ சொன்னாரு, வாங்கி இந்தப் பலகையில வச்சிட்டுக் குடிக்காம அடுத்த பஸ்ஸுல ஏறிட்டாரு.”

“என்னைக்கு?”

“சந்தை நாளு. வியாழக்கிழமை. கூட்டமா இருந்துச்சு.”

“எந்த வியாழக்கிழமை?”

“ஆகஸ்ட் பதினஞ்சு கொடியேத்தினதுக்கு அப்புறம். அடுத்த வாரமா, அதுக்கும் அடுத்த வாரமான்னு நினைவில்லை.”

“ஞாயித்துக்கிழமை வண்டியில வந்தாரே, அவரா?”

“ஞாயித்துக்கிழமை கடை லீவு சார். நான் பாக்கலை. இவரு கண்ணாடி போட்டிருந்தாரு. உசரமா இருந்தாரு.”

முதல் வியாழக்கிழமை என்றால், அவர் மனைவி என் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பார்க்கக் கூடாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த நாள். சுவரில் மாலை இருந்தது. அவர் வீட்டில் தனியாக இருந்தார். காலையில் மனைவி கிளம்பிய பின் புறப்பட்டிருந்தால், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, சந்தை நேரத்துக்கு அங்கே போய், மனைவிக்கு முன் வீடு திரும்ப நேரம் போதும். பஸ் நேரங்களை விசாரித்துப் பார்த்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை என்றால் மாலை இல்லை, அவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. வந்தது வேறு யாராகவும் இருக்கலாம். உயரமும் கண்ணாடியும் பலருக்கு உண்டு.

அதன்பின் இரண்டு முறை எடமலைப்பட்டி புதூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஜான்சி ரயில் கதையை முழுதாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். அந்த அம்மாள் காபி கொடுத்தார். நேரே கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியவர் அவர்தானா என்பதும், அது எந்த வியாழக்கிழமை என்பதும் இதை எழுதும் இன்று வரை உறுதியாகவில்லை.