கயிற்றுக்கு வெளியே நின்றவர்

வெள்ளிக்கிழமை விடியற்காலை லீவு கேட்க, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை ஆட்களுக்குத் தேயிலை மலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா? எதுக்கு?"

"எங்க அப்பாவைப் பத்தி விசாரிக்கப் போறேங்க."

"உங்க அப்பன் செத்துப் போயிட்டதா சொன்னியே?"

"ஆமாங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே."

"அப்ப எங்க போயி விசாரிப்ப? சுடுகாட்டுலயா?"

களத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாலு பேர் பார்க்கப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்ற நாளாக இருந்தால் திரும்பியிருப்பேன். அன்று லீவு கிடைக்கும்வரை அங்கேயே நின்றேன்.

காரணம் என் மகள் தங்கம். ரம்புக்கனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் அழகர் என்பவரின் மகனுக்கு அவளைப் பேசியிருந்தோம். போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். தட்டில் வெற்றிலை வைத்த பிறகு, உங்கள் குலசாமி எது என்று அழகர் கேட்டார். "ஏழுபனைக் கருப்பர்" என்றேன். என் அம்மா சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் சூடம் கொளுத்தினாள். அழகரின் முகம் மாறிவிட்டது.

"எங்களுக்கும் அவருதாங்க. அப்ப நம்ம பங்காளிங்கள்ல? எம் மகனுக்கு உங்க மக தங்கச்சி முறையாவுது" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனி முடிந்ததும் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கம் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். நான்தான் இரவும் பகலும் யோசித்தேன். நான் பிறந்த தோட்டம் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. அப்பாவை இந்தியாவிலிருந்து அங்கே கூட்டி வந்த பெரிய கங்காணியின் ஆட்கள் எல்லோருக்கும் அதே கருப்பர்தான் சாமி. அழகரும் அந்தக் கங்காணிக்குப் பங்காளி என்று பேச்சு. ஒரு கங்காணியோடு கப்பலேறியவர்கள் எல்லோரும் ஒரே தகப்பன் வழியாக இருக்க முடியுமா? அப்பாவின் பெயர் முத்தன், ஆற்று வெள்ளத்தில் போனார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வம்சம் தேடுவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று புறப்பட்டேன்.

இரத்தினபுரியில் காலை வண்டி. இது சின்னப் பாதை ரயில். பெட்டியும் சின்னது, எதிரே இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். என் எதிரே கலவானையில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். எங்கே போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் விரலை மடக்கித் தன் வாப்பா, அவர் வாப்பா, அவருக்கும் வாப்பா என்று சொல்லத் தொடங்கினார். குருவிற்றையில் தொடங்கியவர் எகலியகொடையில் அரபு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இப்ப உங்கட வாப்பாட வாப்பா பேரச் சொல்லுங்க பாப்பம்" என்றார்.

நான் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவிசாவளையில் வண்டி மாறித் தெஹியோவிற்றையில் இறங்கினேன். அங்கிருந்து தெரணியகலைக்குப் பத்து மைல் இருக்கும். பஸ்ஸில் முப்பது சதம் வாங்கினார்கள். பாதி வழியில் மழை பிடித்தது. பக்கவாட்டில் கட்டியிருந்த கித்தான் படங்குகளை இறக்கிவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆறு இரைவது மட்டும் கூடவே வந்தது. டவுனில் இறங்கி, குறுக்குப் பாதையில் இரண்டு மைல் ஏறித் தோட்டத்துக்குப் போனபோது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கால் இரண்டிலும் அட்டை.

பழைய கங்காணி எப்போதோ இறந்துவிட்டார். இப்போது அவர் மகன்தான் பெரிய கங்காணி. தலை நரைத்தவர். கோட்டும் தலைப்பாகையுமாக விறாந்தையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பை முற்றத்தில் விட்டுவிட்டுக் கும்பிட்டேன்.

"முத்தன் மகனா நீ? ஆத்தோட போனானே, அந்த முத்தனா?"

"ஆமாங்க ஐயா."

"என்ன வேணும்?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "நாங்க உங்களுக்குப் பங்காளிங்களான்னு கேட்டுட்டுப் போக வந்தேங்க."

கங்காணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு? உங்க அப்பனா? எங்களுக்கா? எவன்டா சொன்னான் உனக்கு? ஏழுபனையில இருந்து எங்க அப்பா புடிமண்ணு எடுத்துட்டு வந்து இங்க வச்ச சாமி அது. படையல் அன்னிக்கி வைக்கப்பிரிக் கயித்தச் சுத்திக் கட்டுவோம். உள்ள நிக்கிறது நாங்க மட்டும். உங்க அப்பன் கயித்துக்கு வெளிய நின்னு கும்புட்டவன். கெடாத்தலையில ஒரு துண்டு அவனுக்குக் குடுத்ததில்ல. கூட வந்தவனெல்லாம் கும்புட்டான். கும்புட்டா பங்காளி ஆயிருவானா?"

அவர் திட்டத் திட்ட எனக்கு உடம்பெல்லாம் லேசானது. நான் தேடி வந்த பேச்சு இதுதான். அதே நேரம், கயிற்றுக்கு வெளியே கைகூப்பி நிற்கும் ஒரு மனிதரையும் பார்த்தேன். அப்பாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. அவர் நின்ற இடம் மட்டும் தெரிந்தது.

"அப்ப எங்க ஊரு எதுங்க ஐயா?"

"எனக்கென்ன தெரியும்? எங்க அப்பா சந்தையில கெடச்ச ஆளையெல்லாம் சேத்தாரு. ஊரு கேட்டா எல்லாரும் ஏழுபனைன்னே சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தாரு. ஒங்கப்பனும் அதத்தான் சொன்னான்."

இதை ரம்புக்கனைக்கு வந்து அழகரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"ஒம் மக கல்யாணத்துக்கு நான் அலையணுமா? போ, போ!"

நான் போகவில்லை. விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். மழை வலுத்தது. கங்காணி உள்ளே போனார், தூங்கி எழுந்து வந்தார்.

"இன்னும் போகலியா நீ?"

"இல்லீங்க."

"உக்காந்தே இரு. வேர் விடும்."

கங்காணியம்மா வெறும் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் என் அப்பாவைப் பார்த்தவராம்.

"மாசியில ஒரு நாளு அவரு வேலைக்கி வரமாட்டாரு தம்பி. ஆத்தங்கரையில தனியாப் பொங்குவாரு. உப்புப் போடமாட்டாரு. பேச்சியம்மாளுக்குன்னு சொல்வாரு. எங்க மாமா அன்னிக்கிச் சம்பளத்த வெட்டுவாங்க. அடுத்த வருசமும் அதே நாள்ல பொங்கத்தான் செய்வாரு."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

கங்காணியம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, அழகரு நம்ம பெரியப்பா வழிதானே? அவுங்க வீட்டப் பாத்து எவ்வளவு நாளாச்சு. நான் போயிட்டு வாறேன்."

"நீ எதுக்கு?"

"நீங்க பெரிய கங்காணி, போகக்கூடாது. நான் சும்மாதானே இருக்கேன்."

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து பதில் வந்தது. "போறதுதான் போற, அந்தக் கயித்து விசயத்த நல்லா அழுத்திச் சொல்லு!"

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கங்காணியம்மாவும் நானும் புறப்பட்டோம். ருவான்வெல்ல வழியாகக் கேகாலை, அங்கே மாறி ரம்புக்கனை. கங்காணியம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டலை அடக்கப் புளிப்புத் தேசிக்காயை முகர்ந்துகொண்டே வந்தார். வளைவு வரும்போதெல்லாம், "ஒங்கப்பா வெளிய நின்னதுக்கு நான் வயித்தப் பெரட்டிக்கிட்டு வாறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரம்புக்கனை ஸ்டேஷனில் மலையேறப் போகும் கண்டி வண்டிக்குப் பின்னால் இன்னொரு இஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையைத் தாண்டி தோட்டத்தில் அழகர் குடியிருந்த லயத்து வீட்டுக்கு நடந்தோம்.

"வாங்க தம்பி" என்றார் அழகர். பங்காளியை அழைக்கிற மாதிரியே அழைத்தார். என் பின்னால் வந்தவரைப் பார்த்ததும் திண்டாடிப்போய்ப் பாயை விரித்தார்.

கங்காணியம்மா உட்காரவில்லை. "அழகரு, இவுக அப்பா எங்க கயித்துக்கு வெளிய நின்னவரு" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"ஏழுபனைன்னு சொன்னது அவரேதானுங்களே" என்றார் அழகர்.

"ஒங்க மகன் மொட்டைக்கு எங்க வந்தீங்க? எங்க கயித்துக்குள்ளதானே நின்னீங்க? கெடாத்தலை பங்கு வச்சப்ப முத்தன் வீட்டுக்குன்னு ஒரு பங்கு வச்சாங்களா?"

அழகர் விரலை மடக்கி, அன்று பங்கு வாங்கியவர்களை எண்ணினார். உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"இல்ல" என்றார். "வைக்கல." என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க சாமி?"

"பேச்சியம்மா" என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் உள்ளே போய் வெற்றிலைத் தட்டோடு வந்தார். ஆவணியில் பரிசம் போடலாம் என்று பேசிக்கொண்டோம். சாப்பாடு ஆனதும் அழகர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பரிசத்தன்னிக்கி சபையில இன்ன ஊரு, இன்னார் மகன்னு சொல்லணுமே. ஒங்க ஊர என்னன்னு சொல்றது?"

"ஏழுபனைன்னே சொல்லிட்டாப் போச்சு" என்றார் கங்காணியம்மா. "யாரு கப்பலேறிப் போயிப் பாக்கப் போறா?"

"வேணாங்கம்மா. ஊரு தெரியலன்னு சொல்லட்டும். முத்தன் மகன்னு மட்டும் சத்தமாச் சொல்லட்டும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கங்காணியம்மாவை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். கேகாலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. காதில் கடுக்கன் போட்டிருந்தார். பேச்சில் கடல் தாண்டிய அக்கரைச் சாயல் இருந்தது. அறியாத ஆளிடம் நானாகப் போய்ப் பேசியதே கிடையாது. ருவான்வெல்ல வருவதற்குள் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். மூன்றாவது முறை கேட்டுவிட்டேன்.

"ஐயா, உங்க பக்கத்துல மாசி மாசம் பேச்சியம்மாளுக்கு உப்பில்லாமப் பொங்குற ஊரு ஏதும் இருக்குங்களா?"